கவர்னர் என்னும் கழுதைக்கு

செஸ்ஃபான்டைன்,
9 ஏப்ரல் 2017

அக்காவுக்கு,

இதை எழுதுவது நான்தான், உங்கள் தம்பி சாக்கேயுஸ். பாதிரியாரிடம் சொல்லி எழுதி வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் கொடுக்கவில்லை. என் கை, என் பென்சில். மேலே இருக்கும் தேதியும் நான் போட்டதுதான்.

நம்பிக்கை வராவிட்டால் எழுத்துகளைப் பாருங்கள். மேய்ச்சலுக்கு விட்ட ஆடுகள் மாதிரி ஒன்று இங்கே நிற்கிறது, ஒன்று அங்கே நிற்கிறது. மாதா கோயில் கொட்டகையில் முதியோர் வகுப்பு நடத்தும் டீச்சரம்மா சொல்கிறாள், "தாத்தா, உங்க எழுத்து கோட்டு மேல நிக்கவே மாட்டேங்குதே." நான் சொன்னேன், "நானே ஒரு எடத்துல நிக்கிறதில்ல, அது மட்டும் எப்படிம்மா நிக்கும்?" வகுப்பில் இருந்த கிழடுகள் எல்லாம் சிரித்தன.

அக்கா, எழுத்து என்பது எவ்வளவு நல்ல சாமான்! இப்போது கடைச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். மாவு மூட்டையைப் படிக்கிறேன். தீப்பெட்டியைப் படிக்கிறேன். இத்தனை வருஷம் இவை எல்லாம் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன, நான் செவிடன் மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோபப்படுவீர்கள். தம்பி நேராக அக்காளிடம் பேசுகிறானே என்பீர்கள். அப்பா நமக்குச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: வளர்ந்த பிறகு அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் வாய்விட்டுப் பேசக்கூடாது, நடுவில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டும், அதுதான் அக்காளுக்குத் தரும் மரியாதை என்றார். வாய்விட்டு என்றுதான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் பேசினால் அது வாய். இது கை.

நாற்பது வருஷமாக என் வார்த்தையை உங்களுக்கும் உங்கள் வார்த்தையை எனக்கும் கொண்டுவந்து கொடுத்தவள் என் பெண்டாட்டி ஹென்ட்ரீனா. அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் நடுவில் ஆள் இல்லை. அதற்காகத்தான் பென்சிலைப் பிடித்தேன். டீச்சரம்மாவிடம் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

அவள் போனதிலிருந்து எனக்கு வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது. எழுந்தால் நடக்கச் சொல்கிறது. ஆற்றுப் படுகையில் ஈச்சமரம் வரை போய்த் திரும்புகிறேன். திரும்பின உடனே எதற்குத் திரும்பினோம் என்று இருக்கிறது. இந்த நிலையில்தான் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் ஆள் தேடி வந்தார்கள். ஜூன் மாதம் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து ஹோவனிப் ஆற்று மணலிலேயே கடல் வரை நடக்கப் போகிறார்கள். தண்ணீரும் கூடாரமும் சுமக்கக் கழுதைகள் வேண்டும், கழுதைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நடை கடற்கரையில் முடியும். அங்கிருந்து வண்டி எல்லாரையும் உங்கள் ஊருக்கு, வால்விஸ் பேவுக்குக் கொண்டுவரும். நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா? உள்ளே வந்து ஒரு டீ குடிக்கலாமா? கேட்க நினைத்தது இவ்வளவுதான். இதைக் கேட்பதற்குள் பென்சிலை மூன்று தரம் சீவிவிட்டேன்.

இதைக் கொண்டுவருபவன் பெனெடிக்டுஸ், கம்பெனிக்குச் சாமான் ஏற்றும் லாரி டிரைவர். நல்ல பையன், வாய்தான் அதிகம். பதிலை அவனிடமே கொடுங்கள்.

தம்பி
சாக்கேயுஸ்


குய்செப்மொன்ட், வால்விஸ் பே,
2 மே 2017

கவர்னர் என்னும் கழுதைக்கு,

உன் எஜமானுக்கு வெட்கம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். அந்த வீட்டில் இப்போது பெண் கிடையாது, பிள்ளைகள் வின்ட்ஹூக் பட்டணத்தில். எனக்குப் பெயர் தெரிந்த உயிர் நீ ஒருவன்தான். ஹென்ட்ரீனாவின் சாவுக்கு வந்தபோது கல்லறை வரை என்னை வண்டியில் வைத்து இழுத்தவன் நீ. வழியில் இரண்டு முறை நின்று யோசித்தாய். உன் எஜமானை விட நீ யோசிக்கிறாய் என்று அப்போதே நினைத்தேன்.

அவனிடம் சொல்: கடிதமும் பேச்சுதான். கையால் பேசினால் என்ன, வாயால் பேசினால் என்ன? நான் மிஷன் பள்ளியில் படித்தவள். பைபிளில் சங்கீதம் எல்லாம் எழுத்தாகத்தான் இருக்கிறது, அதைப் பேச்சில்லை என்று கர்த்தரிடம் போய்ச் சொல்லட்டும். 'அக்காவுக்கு' என்று முதல் வரியிலேயே அந்த ஆள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் கடிதத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறான். வந்தால் யார் நடுவில் உட்காருவது? என் மகள் மீன் ஃபாக்டரியில் ஷிஃப்டுக்குப் போகிறாள். அவள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரத் தெரியாது, கையில் போனை வைத்துக்கொண்டு அவர்களே எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் தங்கை, அக்காள் தம்பி ஒரு வீட்டுக்குள் தனியாக இருக்கக் கூடாது என்பதை நாம் சாகிற வரையாவது காப்பாற்றிவிட்டுப் போவோம்.

டீ குடிக்க வேண்டுமாம்! நீ சாட்சி, கவர்னரே. அவ்வளவு தூரம் லாரியில் ஆட்டுத் தோலோடு தோலாக உட்கார்ந்து வந்தேன். மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றேன். உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு கோப்பை டீ இல்லை. அவன் வீட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். வந்த லாரியிலேயே திரும்பினேன். வழியெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இங்கே கிழக்குக் காற்று இப்போதே ஆரம்பித்துவிட்டது. பெருக்கி முடிப்பதற்குள் பாலைவனம் மறுபடி உள்ளே வந்து உட்காருகிறது. அதற்கு மட்டும் யாரும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

எல்ஃப்ரீடா

அவனை உப்பைக் குறைக்கச் சொல். கால் வீங்குகிறது என்று பெனெடிக்டுஸ் சொன்னான்.


செஸ்ஃபான்டைன்,
14 மே 2017

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவர்னருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவனுக்கு வந்ததை நான் மட்டும் படிப்பது சரியில்லை. "யோசிக்கிறாய்" என்ற இடம் வந்ததும் காதை ஆட்டினான். இப்போது கொள்ளு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்கிறான். பெரிய மனிதனாகிவிட்டான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, அக்கா? நீங்கள் திட்டியிருக்கிறீர்கள், ஆனாலும் சந்தோஷம். உங்கள் குரல் அப்படியே காகிதத்தில் இருக்கிறது. இவ்வளவு காரம் என்று எனக்குத் தெரியவே தெரியாது! ஹென்ட்ரீனா வந்து சொல்லும்போது எப்போதும், "அக்கா உங்கள நெனச்சுக்கிட்டே இருக்காங்களாம், ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றுதான் சொல்வாள். நாற்பது வருஷமும் அவள் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள் போல.

டீ விஷயம். யாரிடம் சொல்லி அனுப்புவேன்? உள்ளே வாருங்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டியவள் பெட்டிக்குள் போய்விட்டாள். என் வாய்க்குள் வார்த்தை இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. எழுந்து போய்ப் பின்பக்கம் உட்கார்ந்தேன். இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. எழுத்துக் குறைவால் இல்லை.

இங்கே எல்லாரும் நிலைகொள்ளாமல் இருக்கிறார்கள். மழை ஏமாற்றிவிட்டது. காட்டு மான்கள் மேற்கே போய்விட்டன. அதனால் பட்டைக்காரி ஊர்ப் பக்கம் வருகிறாள். ஆராய்ச்சிக்காரர்கள் கழுத்தில் பட்டை கட்டிவிட்ட பெண் சிங்கத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். பக்கத்துப் பட்டியில் ஆடுகளை அடித்துவிட்டாள். துப்பாக்கியை எடு என்கிறான் ஒருவன். அவளைப் பார்க்கத்தானே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், அவள் போனால் நமக்கும் வேலை போகும் என்கிறான் இன்னொருவன். கூட்டம் போட்டுக் கத்துகிறார்கள். கத்திவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். தூக்கம் யாருக்கும் இல்லை.

நான் ஜூனில் கிளம்புகிறேன். கால் வீக்கம் நடந்தால் வடிகிறது, உட்கார்ந்தால்தான் ஏறுகிறது. வரலாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். கவர்னருக்கே எழுதுங்கள், பரவாயில்லை. அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

தம்பி
சாக்கேயுஸ்


வால்விஸ் பே,
29 மே 2017

கவர்னருக்கு,

நீயும் போகிறாயாமே. உனக்கு வைத்திருந்த மரியாதை குறைந்துவிட்டது.

அவனிடம் கேள்: சிங்கம் அலையும் ஆற்றில் கழுதையை ஓட்டிக்கொண்டு போவது யாருடைய புத்தி? ஹோவனிப் சிங்கத்துக்குக் கழுதை என்றால் கல்யாணச் சாப்பாடு. இங்கே கடற்கரை வரை இறங்கி வந்து கடல்நாயைக்கூடத் தின்கிறதாம். கடைக்கார அம்மா சொன்னாள். "ஒங்க தம்பி எழுவது வயசுல டூர் போறாராமே" என்று சிரிக்கிறாள். "டூர் போகல, கழுத மேய்க்கப் போறான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே நன்றாக இல்லை.

அக்காள் மேல் ஆணை என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் அவன் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. அப்படித்தான் நம் அப்பாவும் அத்தை சொல்லுக்கு நின்றார். அந்த உரிமை என் கையில் இருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் நினைக்க வேண்டாம்.

ஹென்ட்ரீனா சர்க்கரை போட்டாளாம். எனக்கு மட்டும் என்ன போட்டாளாம்? ஒவ்வொரு தடவையும், "அவரு ஒங்களப் பத்தியே கேட்டாரு அண்ணி, அக்கா சாப்பிட்டாங்களா, அக்காவுக்குக் குளிருக்குப் போர்வை இருக்கான்னு" என்பாள். அவன் கேட்டானா? உண்மையில் கேட்டானா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அலங்காரம் வேண்டாம்.

என்னால் தைக்க முடியவில்லை. ஊசியில் நூல் கோக்கிறேன், எழுந்து வெளியே போய் வடக்கே பார்க்கிறேன். மூடுபனியைத் தவிர என்ன தெரியும்? திரும்பி வந்தால் நூல் கழன்றிருக்கிறது.

எல்ஃப்ரீடா


ஹோவனிப் ஆறு, வெள்ளை வேல மரங்கள் இருக்கும் இடம்,
18 ஜூன் 2017

அக்காவுக்கு,

நீங்கள் ஆணை சொல்லவில்லை. அதனால் கிளம்பிவிட்டேன். தண்ணீர்ப் பீப்பாய் மேல் காகிதம் வைத்து எழுதுகிறேன், பெனெடிக்டுஸ் சாமான் இறக்கிவிட்டுப் போவதற்குள் முடிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். நான் போர்வை பற்றிக் கேட்டதில்லை. ஆடு எப்படி விற்றது, மழை வந்ததா என்றுதான் கேட்பேன். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே நிற்பேன். ஹென்ட்ரீனா என் முகத்தைப் பார்ப்பாள். மீதியை அவளே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை, அக்கா. நான் சொல்லாததைச் சொன்னாள்.

இப்போது என் சந்தோஷத்தைக் கேளுங்கள். காலையில் யானைகள் வந்தன. முன்னங்காலைத் தூக்கி மரத்தில் ஊன்றி, தலையால் முட்டி உலுக்குகின்றன. காய் பொலபொல என்று கொட்டுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்க, கவர்னர் மட்டும் நடுவில் போய் நின்று உதிர்ந்த காயைப் பொறுக்கித் தின்றான். பெரிய ஆண் யானை இவனைப் பார்த்தது. இவன் அதைப் பார்த்தான். யானை திரும்பிப் போய்விட்டது! வழிகாட்டி ரிக்கர்ட்டுக்குக் கோபம். "யோவ் தாத்தா, கழுதையப் புடிச்சுக் கட்ட மாட்டியா? மிதிச்சிருந்தா?" என்றான். "அது கவர்னர்ப்பா, யானைதான் ஒதுங்கணும்" என்றேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வந்திருப்பவர்களில் ஒரு அம்மாள், என் வயசு இருக்கும், செக் நாட்டுக்காரி. குடை அளவுக்குத் தொப்பி. அதனால் தொப்பியம்மா. அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. அதனால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கிறோம். நான் எதைச் சொன்னாலும் "ஆனோ, ஆனோ" என்கிறாள். அவர்கள் பாஷையில் ஆமாம் என்று அர்த்தமாம், ரிக்கர்ட் சொன்னான். உங்களைப் பற்றிச் சொன்னேன். "ஆனோ" என்றாள். ஹென்ட்ரீனாவைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் "ஆனோ" என்றாள், ஆனால் மெதுவாக.

இங்கேயும் உட்கார முடிவதில்லை. ஆனால் நடக்கிறவனை யாரும் ஏன் உட்காரவில்லை என்று கேட்பதில்லை.

மணலில் பெரிய பூனைத் தடம் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் போகிறது. சில இடத்தில் எங்களுக்குப் பின்னாலும் வந்திருக்கிறது. ரிக்கர்ட் கழுதைகளைச் சுற்றி முள் அடைப்புப் போடச் சொன்னான். போட்டிருக்கிறேன்.

வரலாமா, அக்கா?

தம்பி
சாக்கேயுஸ்


ஹோவனிப் ஆறு, மணல் மேடுகளுக்கு முன்,
22 ஜூன் 2017

அக்காவுக்கு,

கவர்னர் போய்விட்டான்.

பட்டைக்காரிதான். முள் அடைப்பு உயரமாகத்தான் இருந்தது. அவனே முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். அவனும் என்னைப் போலத்தான், ஒரு இடத்தில் நிற்கமாட்டான். விடிந்து போய்ப் பார்த்தோம். வேல மர நிழல் அளவு மணல் கறுப்பாகி இருந்தது. அவள் படுத்துக்கொண்டு தின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், அக்கா. பாலூட்டுகிறவள். அதைப் பார்த்த பிறகு அவளைத் திட்டுவதற்கும் வாய் வரவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தார்கள். சாமான் இறக்க வந்த லாரியின் கூரையில் ஏறி, படுத்து, குனிந்து, படம் எடுத்தார்கள். ஒருவன் என் தோளைத் தட்டி என்னவோ சொன்னான். ரிக்கர்ட்டிடம் கேட்டேன், "என்னப்பா சொல்றான்?" ரிக்கர்ட் தரையைப் பார்த்தான். "அதிர்ஷ்டம்னு சொல்றான், தாத்தா" என்றான்.

தொப்பியம்மா மட்டும் படம் எடுக்கவில்லை. கவர்னரின் தலைக்கயிறு முள்ளில் மாட்டியிருந்தது. அதை எடுத்து மணலைத் தட்டி என் கையில் கொடுத்தாள். "ஆனோ" சொல்லவில்லை.

நீங்கள் யாருக்கு எழுதினீர்களோ அவன் இல்லை. இனி நம் நடுவில் யாரும் இல்லை. மறுபடியும்.

இரண்டு நாளில் கடலுக்குப் போய்விடுவோம். அங்கிருந்து வண்டி உங்கள் ஊருக்கு வரும். நாளை பெனெடிக்டுஸ் இதை எடுத்துக்கொண்டு போகிறான். கடற்கரைக்கு எங்களை ஏற்ற வருபவனும் அவனே. அவன் கையில் உங்கள் கடிதம் இல்லையென்றால் மீதிக் கழுதைகளோடு வந்த வழியே திரும்பிவிடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

தம்பி


வால்விஸ் பே,
23 ஜூன் 2017

கவர்னரைத் தின்ற சிங்கத்துக்கு,

ஏய், வயிறு நிறைந்ததா?

நீ தின்றது வெறும் கழுதை இல்லை. அவன் தலைக்குள் என்னுடைய இரண்டு கடிதம் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வார்த்தைகள் எல்லாம் இப்போது உன் வயிற்றில் கிடக்கின்றன. அதனால் இனி நீதான் சொல்ல வேண்டும். தின்றவள் சுமக்கட்டும்.

முதலாவது, அந்தக் கிழவன் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அவன் உடம்பில் கறி கிடையாது. உப்பும் வீக்கமும்தான். குட்டிகளுக்கு ஆகாது.

இரண்டாவது, அவனிடம் போய்ச் சொல். தூரத்தில் நின்று சொல். திரும்பிப் போகிறேன் என்று எழுதுகிறானே, அவ்வளவு தூரம் நடந்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு என்ன பெயர்? வரச் சொல். வீட்டுக்கு வரக் கூடாது, அதில் மாற்றம் இல்லை. உப்பங்கழிக் கரையில் பூநாரைகள் நிற்கிற இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருக்கிறது. பெஞ்ச் யார் வீடும் இல்லை. நான் அங்கே இருப்பேன். நடுவில் உட்கார ஒரு ஆளை அவனே கூட்டிக்கொண்டு வரட்டும். மனுஷராக இருக்கட்டும். சாப்பாடாகிவிடுகிற ஆள் வேண்டாம்.

மூன்றாவது. ஆடு எப்படி விற்றது என்று கேட்டுவிட்டுப் போகாமல் நின்றானாம். அதைப் படித்தேன் என்று சொல். படித்தேன் என்று மட்டும் சொல்.

பெனெடிக்டுஸ் வாசலில் ஹார்ன் அடிக்கிறான். "ஆச்சி, சிங்கத்துக்கு லெட்டராம்! நான் எங்க போய் டெலிவரி பண்றது?" என்கிறான். கேட்காதே, கொண்டுபோ என்றேன்.

எல்ஃப்ரீடா


செஸ்ஃபான்டைன்,
16 ஜூலை 2017

அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்து இத்தனை நாள் ஆகியும் எழுதவில்லை. பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் தொப்பியின் அந்தப் பக்கம் இருந்தீர்கள். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டும்.

தொப்பியம்மாவிடம் ரிக்கர்ட் விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவள் பூநாரைகளைப் பார்க்கப் போகிறவர்களோடு போகாமல் நேராக என்னோடு வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள், கோர்ட்டில் ஜட்ஜ் மாதிரி. நீங்கள் வந்த சத்தம் கேட்டது. உங்கள் செருப்புச் சத்தம் இன்னும் அதேதான். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொப்பி அவ்வளவு பெரிசு. உங்கள் முழங்காலும் கையில் இருந்த ஃபிளாஸ்க்கும்தான் தெரிந்தன.

எவ்வளவோ யோசித்து வந்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"தொப்பியம்மா, எங்கக்காகிட்டச் சொல்லுங்க. அன்னைக்கு டீ போட்டேன். கோப்பையில ஊத்தி அடுப்புப் பக்கத்துல வச்சேன். எடுத்துட்டு வந்து குடுக்க ஆளில்ல. மறுநா வரைக்கும் அது அங்கயேதான் இருந்துச்சு. எறும்பு மொச்சுது."

"ஆனோ" என்றாள் தொப்பியம்மா.

பூநாரை ஒன்று கழுத்தைத் தண்ணீரில் விட்டு எடுத்தது, மறுபடி விட்டது. அப்புறம் உங்கள் குரல். எனக்குப் பதினைந்து வயசில் கேட்டது.

"அம்மா, அவன்கிட்டக் கேளுங்க, எத்தன ஸ்பூன் சக்கர போட்டான்னு."

"மூணுன்னு சொல்லுங்க."

"எனக்கு ரெண்டுதான்னு சொல்லுங்க. மூணு போட்டா எறும்பு மொய்க்காம என்ன செய்யும்? ஹென்ட்ரீனாவுக்குத் தெரியும் என் கணக்கு."

"அவ எங்கிட்டச் சொல்லலையேன்னு சொல்லுங்க."

"ஆனோ, ஆனோ" என்றாள் தொப்பியம்மா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை, சர்க்கரைக் கணக்கைத்தானே பேசினோம்.

அவள் கையில் ஃபிளாஸ்க் மூடியில் டீ கொடுத்தீர்கள். அவள் அதை வாங்கி என் கையில் வைத்தாள். குடிக்க வாயருகே கொண்டு போனேன். அப்போதுதான் அந்தக் காற்று. தொப்பி பறந்தது. நீங்கள் எட்டிப் பிடித்தீர்கள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அக்கா, நீங்கள் எப்போது அம்மா முகத்தை வாங்கிக்கொண்டீர்கள்? அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பெனெடிக்டுஸ் ஹார்ன் அடித்தான் என்று சொல்லியிருப்பேன். அவன் அடிக்கவில்லை. அவன் லாரிக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த டீயும் குடிக்காத டீதான் ஆகிவிட்டது. அன்று நீங்கள் குடிக்காமல் போனீர்கள், இன்று நான். இங்கே வந்ததிலிருந்து ஈச்சமரம் வரை போகிறேன், வருகிறேன். ஈச்சமரத்துக்கே அலுத்துவிட்டது. கவர்னரின் கயிறு கதவில் தொங்குகிறது. பட்டைக்காரியின் தடத்தைக் குட்டிகளோடு மேற்கே பார்த்ததாகச் சொல்கிறார்கள். துப்பாக்கிக்காரர்கள் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கே எழுந்து நின்று சொன்னேன், "அது எங்கக்காவோட கடுதாசியச் சுமந்துட்டுத் திரியுது, அத யாரும் தொடாதீங்க." கிழவனுக்குப் படிப்பு தலைக்கேறிவிட்டது என்று சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் போகவில்லை.

தொப்பியம்மா அவள் ஊருக்குப் போய்விட்டாள். இனி நடுவில் உட்கார நான் யாரைக் கூட்டிக்கொண்டு வருவேன்? அடுத்த நடை அடுத்த வருஷம்தான். அதுவரை இந்தக் கால்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி
சாக்கேயுஸ்


வால்விஸ் பே,
30 ஜூலை 2017

இங்கே விட்டுப்போன தொப்பிக்கு,

நீ இங்கேயேதான் இருக்கிறாய், என் எதிரிலேயே. ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால் பெனெடிக்டுஸ் எடுத்துப் போவான், படிக்க வேண்டியவன் படிப்பான்.

உன்னைப் பிடித்த நான் அந்த அம்மாளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வைத்துக்கொள், வைத்துக்கொள் என்று கையால் காட்டினாள். உன்னைத் தொட்டாள், என்னைக் காட்டினாள், லாரியில் ஏறிக்கொண்டிருந்த அந்த முதுகைக் காட்டினாள். பாஷை தெரியாதவளுக்கு எவ்வளவு தெரிகிறது பார்.

சமையலறையில் மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன். நடு நாற்காலி மேல் உன்னை வைத்திருக்கிறேன். என் மகள் ஷிஃப்ட் முடிந்து வந்து, "என்னம்மா, தொப்பிய நாற்காலில ஒக்கார வச்சிருக்க?" என்றாள். "அது மேல ஒக்காந்துராத, விருந்தாளி" என்றேன். அவள் என்னை டாக்டரிடம் கூட்டிப்போவதா என்று யோசிக்கிறாள்.

நம் பெரியவர்கள் நடுவில் ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்த ஒருவருக்குக் காது இருக்க வேண்டும் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவனிடம் சொல். பெனெடிக்டுஸ் லாரி செஸ்ஃபான்டைனிலிருந்து காலியாகத்தான் திரும்புகிறது, ஒரு கிழவனுக்கு இடம் இருக்கும். அடுத்த வருஷம் வரை அந்தக் காலை வைத்துக்கொண்டு ஈச்சமரத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நடக்க வேண்டுமானால் இங்கே கடற்கரை இருக்கிறது, அதற்கு முடிவே இல்லை. கவர்னரின் கயிற்றையும் எடுத்து வரட்டும். மாட்ட ஆணி அடித்திருக்கிறேன்.

அம்மா முகத்தை நான் எப்போது வாங்கினேன் என்று கேட்டிருந்தான். அவன் வாங்கிக்கொண்டது அப்பாவின் ஓட்டத்தை என்று சொல். டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற ஓட்டம்.

அவனுக்கு மூன்று ஸ்பூன். எனக்கு இரண்டு. உனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உள்ளே வரும்போது வாசலில் செருப்பை உதறிவிட்டு வரச் சொல். மணல் எனக்கு இங்கேயே போதும்.

எல்ஃப்ரீடா